இறக்கைக்குக் கீழே ஜமுக்காளம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பறக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், கருடாழ்வார். மற்ற பெருமாள் கோயில்களில் சன்னதிக்கு எதிரே, கூப்பிட்ட குரலுக்குக் கிளம்பத் தயாராகக் கைகூப்பி நிற்பவர், இங்கே ரெங்கமன்னாருக்கும் ஆண்டாளுக்கும் பக்கத்திலேயே மேடையேறி நின்றுவிட்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து மாப்பிள்ளையை முகூர்த்தத்துக்குள் கொண்டுவந்து சேர்த்ததற்குக் கிடைத்த மரியாதை என்று தல புராணம் சொல்கிறது. எங்கள் வட்டாரத்துக்கு வான்வழியாக வந்து, அதுவும் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்த பயணம் அது ஒன்றுதான்.

பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் பறந்தது பஞ்சு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு மில்லாக வரவர, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்களின் தலையிலும் மீசையிலும் புருவத்திலும் பஞ்சு உட்கார்ந்திருக்கும். வயது தெரியாது. இருபது வயதுப் பையனும் கிழவனாகத்தான் வீடு திரும்புவான். என் அப்பா அப்படித் திரும்பியவர்களில் ஒருவர். நான் மில்லில் கணக்குப் பிரிவு என்பதால் கிழவனாவதற்கு நிஜமாகவே வயதாக வேண்டியிருந்தது. என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. கருடன் ஊருக்கும் பஞ்சு ஊருக்கும் நடந்த சம்பந்தம்.

இரண்டு ஊருக்கும் கடல் கிடையாது. மேற்கே மலை எழுந்து நின்று கேரளத்துக் கடலை மறைத்துக்கொண்டது. கிழக்கே கரிசலைத் தாண்டிப் போனால் தூத்துக்குடி, தெற்கே போனால் திருச்செந்தூர். எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே யாராவது வேண்டிக்கொண்டால்தான் நாங்கள் கடலைப் பார்ப்போம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து மொட்டை நேர்ந்துகொண்டால் தெருவே சந்தோஷப்படும்.

எழுபதுகளில் இந்தப் பயணம் மில் லாரியில் நடந்தது. கோவில்பட்டியில் நூல் மூட்டைகளை இறக்கிவிட்டு, காலி லாரியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, குடும்பம் குடும்பமாக ஏறிக்கொள்வோம். தூக்குவாளியில் புளியோதரை. இரண்டாம் நாளைக்கு எலுமிச்சம்பழச் சாதம். மூன்றாம் நாளைக்கு என்று அம்மா ஒரு டப்பாவில் சத்துமாவு வைத்திருப்பாள். அதைத் திறக்காமலே ஊர் திரும்புவதுதான் பயணம் நல்லபடி முடிந்ததற்கு அடையாளம். திருச்செந்தூரில் ரூம் போடுவது என்ற பேச்சே எழாது. சாமி கும்பிட்டு, நாழிக்கிணற்றில் குளித்து, ராத்திரி கடல் மணலில் படுத்துக்கொள்வோம். மேலே கூரை இல்லை, கீழே மெத்தை இல்லை, பெண்கள் நடுவில், ஆண்கள் சுற்றி, செருப்புகள் தலைமாட்டில். நண்டு ஒன்று விரலைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் போகும். அரிக்கேன் விளக்கைக் காற்று அணைத்துக்கொண்டே இருக்கும். அணைந்த விளக்கை மறுபடி ஏற்றுவதா வேண்டாமா என்று சித்தப்பாக்களுக்குள் விடிய விடிய வாக்குவாதம் நடக்கும். யாரும் எங்களை எழுப்பி அடையாள அட்டை கேட்டதில்லை. இருந்திருந்தால்தானே காட்டுவதற்கு.

கோவில்பட்டியைத் தாண்டினால் கயத்தாறு. அங்கே லாரி நின்றே ஆக வேண்டும். 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம், 1970-ல் சிவாஜி கணேசன் சிலை வைத்த இடம். பெரியவர்கள் சிலையைப் பார்க்கும்போது நாங்கள் கேட்பது வேறு: அந்த ஏரோப்ளேன் ரோடு எங்கே? கயத்தாற்றுப் பக்கம் பொட்டல்காட்டில் நேராக, அகலமாக, எங்கிருந்தும் வராமல் எங்கேயும் போகாமல் ஒரு பாதை கிடந்தது. ராஜபாளையத்தில் எந்தத் தெருவும் அத்தனை அகலமில்லை. அதன் ஓரத்தில் மிளகாய் வற்றல் காய்ந்தது. ஆடுகள் குறுக்கே படுத்திருந்தன. வெள்ளைக்காரன் சண்டைக்குப் போட்டது, அவன் போன பிறகு ஆடு மேய்கிறது என்றார் லாரி டிரைவர். உலகப் போரின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக நான் பிறகு எங்கேயும் படிக்கவில்லை.

டிரைவர் சொன்னதில் தப்பில்லை. 1942 ஏப்ரல் 5-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. 9-ம் தேதி திருகோணமலையில். அதோடு தென்கோடியில் இருப்பவர்களும் வானத்தை நிமிர்ந்து பார்க்கும் காலம் வந்தது. மதுரை விமான நிலையம் அந்த ஆண்டு ராணுவத்துக்காகப் பிறந்ததுதான். செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, சோழவரம், கயத்தாறு என்று போர்க்காலத்தில் போட்ட ஓடுதளங்கள் மாநிலம் முழுக்கக் கிடந்தன. போர் முடிந்தது. வந்த விமானங்கள் போய்விட்டன. சோழவரத்தில் கார் பந்தயம் விட்டார்கள், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனியாகப் பாதை வரும்வரை. செட்டிநாட்டில் கால்நடைப் பண்ணை பக்கத்திலேயே வந்தது. கயத்தாற்றுக்கு எங்கள் மிளகாய் வற்றல். சின்ன விமானம் இறங்கத் தோதான தரை ஊருக்கு ஊர் சும்மா கிடந்த அந்தக் காலத்தில் சின்ன விமானம்தான் யாரிடமும் இல்லை.

யாரிடமும் என்று சொல்வது ராஜபாளையத்துக்குச் செய்யும் துரோகம். ஒரு விமானத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. 1951-ல் மதராஸ் அரசு இங்கிலாந்திலிருந்து ஒரு டி ஹாவிலண்ட் டவ் வாங்கியது. இரட்டை என்ஜின், ஏழெட்டுப் பேர் உட்காரலாம். அதைக் கப்பலில் ஏற்றாமல், சுந்தரம் - உஷா சுந்தரம் என்ற தம்பதி தாங்களே ஓட்டிக்கொண்டு 27 மணி நேரத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். பெங்களூர் ஜக்கூரில் அரசு விமானப் பயிற்சிப் பள்ளி. 1949-ல் அங்கே பயிற்சி முடித்தவர் உஷா. புருஷனும் பெண்டாட்டியும் பாரிஸ், கெய்ரோ, பாக்தாத், கராச்சி என்று வழி கேட்டுக் கேட்டு வந்ததாக நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. நானும் என் மனைவியும் காரில் சங்கரன்கோவில் போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை பேசாமல் ஆகிறோம் என்று யோசித்தால் அந்த 27 மணி நேரத்தின் பெருமை புரியும். அப்போது மதராஸ் முதலமைச்சர் எங்கள் ஊர் பூ.ச. குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை. தான் குடியிருந்த வீட்டையே ஊருக்குக் காந்தி கலைமன்றமாகக் கொடுத்துவிட்டவர். ராஜபாளையத்து மனிதர் ஒருவரின் ஆட்சியில் விமானம் வந்தது. ராஜபாளையத்துக்குத்தான் வரவில்லை. இறங்க இடம் கேட்டிருந்தால் அவர் தோட்டத்தையும் கொடுத்திருப்பார்.

அதற்கும் முன்னால் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒற்றை என்ஜின் புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையோடு பம்பாய் வந்தார். வழியில் அகமதாபாத்தில் பெட்ரோல் தகரங்களைக் கொண்டுவந்து கொடுத்தது மாட்டுவண்டி. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகத் தபாலை மதராஸ் சேர்த்தார். ஜுஹுவில் அவர்கள் இறங்கிய இடம் கடலோரச் சேற்றுத்திடல். மழைக்காலம் வந்தால் திடல் தண்ணீருக்குள் போய்விடும், விமானங்கள் பூனாவுக்கு ஜாகை மாறும். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை, ரேடியோ இல்லை, விளக்கில்லை. விமானம், மாட்டுவண்டி, கடல் மூன்றும் ஒன்றை ஒன்று அனுசரித்துப் போயிருக்கின்றன.

இதெல்லாம் எனக்கு ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்றால், என் தம்பி மகன் கலிஃபோர்னியாவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டான். சம்பளத்துக்கு அல்ல, பொழுதுபோக்குக்கு. நம் பிள்ளைகள் அங்கே போய் வீடு வாங்குவார்கள், பிறகு ஒரு நாய் வாங்குவார்கள், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மாரத்தான் ஓடுவார்கள். இவன் ஓடுவதற்குப் பதில் பறந்துவிட்டான்.

நாங்கள் போயிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை காலை குளியலறைத் தராசை ஹாலில் கொண்டுவந்து வைத்தான்.

“பெரியம்மா, உங்க வெயிட் எவ்வளவு?”

“அறுவது இருக்கும்டா.”

“இதுல ஏறுங்க.”

ஏறினாள். தராசு சொன்ன எண்ணை அவன் சத்தமாகப் படிக்காமல் காகிதத்தில் எழுதிக்கொண்டதில் அவன் வளர்ப்பு தெரிந்தது. செஸ்னா 172 நாலு சீட் விமானம். ஆனால் டாங்க் நிறைய எண்ணெய் போட்டால் நாலு பெரிய ஆளும் மூட்டை முடிச்சும் ஏற முடியாதாம். ஆகவே மூன்று பேர்தான். எங்களை எடை போட்டபின் கூடாரத்தை எடை போட்டான், தூங்கு பைகளை எடை போட்டான், கடைசியாகப் பெரியம்மாவின் துணிப்பையைத் தராசில் வைத்தான். அது தன் தகுதிக்கு மீறிக் கனத்தது. திறந்து பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, அரைக்கிலோ பொட்டலங்களாக.

“இது எதுக்கு பெரியம்மா?”

“போற இடத்துல நாலு பேர் இருப்பாங்கள்ல.”

நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் இரண்டு பொட்டலங்களுக்கு அனுமதி கிடைத்தது.

பாலோ ஆல்டோ விமான நிலையத்தில் எங்களைச் சோதிக்க யாரும் வரவில்லை. ஒரு கேட்டுக்கு எண்ணைத் தட்டினான், திறந்தது. வரிசையாகச் சின்ன விமானங்கள் கயிற்றில் கட்டிக் கிடந்தன. எங்களுடையதன் கயிற்றை அவிழ்த்துவிட்டு, சுற்றிச் சுற்றி வந்து தொட்டுத் தட்டிப் பார்த்தான். இறக்கையின் அடியில் இருந்த சின்ன வால்வில் ஒரு கண்ணாடிக் குப்பியைச் செருகி அழுத்தினான். எண்ணெய் கொஞ்சம் இறங்கியது. குப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினான். வெளிர்நீலம். தண்ணீர் கலந்திருந்தால் கனம் காரணமாக அடியில் தனியாகக் குமிழ் கட்டி நிற்கும் என்றான். பெரிய ஜெட் விமானத்துக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் ஜாதி, இது பெட்ரோல் ஜாதி, பெயர் ஆவ்கேஸ். இதற்குப் பதில் அதை ஊற்றிவிட்டால் என்ஜின் படுத்துவிடும். அதனால்தான் சாயம். நாற்பது வருஷம் சாயப் பட்டறை பில் பார்த்தவன் நான். சாயத்துக்கு இப்படி ஒரு உயிர்காக்கும் வேலை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பறந்ததைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பறந்து வந்தவர்கள் எல்லாரும் சொல்வதுதான். கடற்கரையை ஒட்டித் தெற்கே போனோம். இடது பக்கம் மலை, வலது பக்கம் பசிபிக். மான்டெரேயைத் தாண்டியதும் மலை நேரே கடலுக்குள் இறங்கியது. மொரோ பே என்ற ஊரில் கடலுக்குள் ஒற்றைப் பாறை ஒன்று நின்றது. என் மனைவி நெற்றியை ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, “சஞ்சீவி மலையைக் கொண்டுபோய்த் தண்ணீல வச்ச மாதிரி இருக்கு” என்றாள். ஹெட்போனில் எல்லாம் கேட்டதால் அதுவரை ராஜபாளையத்து நாத்தனார்களைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அமைதியான இரண்டு மணி நேரம்.

இறங்கிய இடத்தின் பெயர் ஓஷியானோ. ஓடுதளம் 2,300 அடிக்குக் கொஞ்சம் மேல். கோபுரம் இல்லை. இறங்குகிறவர்களே ரேடியோவில், நான் இந்தப் பக்கம் வருகிறேன், இப்போது திரும்புகிறேன் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவன் கேட்டுக்கொள்வான், அவ்வளவுதான் சட்டம். விமானத்தைத் தள்ளி ஓரம் கட்டி மூன்று இடத்தில் கயிறு கட்டினோம். விமான நிலையத்துக்குள்ளேயே கூடாரம் போட இடம் விட்டிருந்தார்கள். ஓசியில் எடுத்துப்போகச் சைக்கிள்கள் நின்றன. மிதித்தால் கொஞ்ச தூரத்தில் கடல். இப்படி வடக்கே ஓரிகானில் நெஹேலம் பே, கலிஃபோர்னியாவிலேயே ஷெல்டர் கோவ் என்று பல இடங்கள் இருக்கின்றனவாம். வாஷிங்டன் மாநிலத்தில் கோபாலிஸ் என்ற இடத்தில் கடற்கரை மணலே ஓடுதளம். கடல் ஏறிவிட்டால் விமான நிலையம் காணாமல் போய்விடும், இறங்கினால் திரும்ப வந்துவிடும். ஸ்காட்லாந்தில் பாரா தீவில் பயணிகள் விமானமே அப்படித்தான் மணலில் வந்து இறங்குகிறது. அலை பார்த்து நேரம் குறிக்கிறார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் இறங்கக்கூடிய விமானத்தளங்கள் மட்டும் சுமார் 5,000. இறங்க இடம் இருந்தால் படுக்கவும் இடம் விடுவது அவர்கள் குணம்.

கூடாரம் போட்டு முடித்து, என் மனைவி சுற்றிலும் பார்த்தாள். ஒரு ஓரத்தில் மரம், ஒரு ஓரத்தில் குழாய், நடுவில் கயிற்றில் கட்டிய விமானம், அதற்குக் கீழே தரையில் நான்.

“இதுக்கா தராசுல ஏத்தி எடை போட்டான்? திருச்செந்தூர்ல இதைத்தானே செஞ்சோம்?”

“அங்க லாரி பெரியம்மா. இது ஏரோப்ளேன்” என்றான் அவன்.

“லாரில வெயிட் கேக்கல.”

ராத்திரி குளிர் எலும்பைத் தேடி வந்தது. கோடை என்று பெயர், ஆனால் பசிபிக்குக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. காலையில் எழுந்தால் விமானத்தின் மூக்கு தெரிகிறது, வால் தெரியவில்லை. கடல் மூடுபனி. கண்ணால் பார்த்து ஓட்டுகிறவர்கள் அது விலகும்வரை கிளம்பக் கூடாது. விலகச் சாயங்காலம் ஆனாலும் காத்திருக்கத்தான் வேண்டும். பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு பெரியவர் ஒல்லியான வெள்ளை நாயோடு வந்தார். எங்கள் ஊரிலும் வெள்ளை நாய் உண்டு, 2005-ல் அதற்குத் தபால்தலையே போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னதை அவர் மரியாதைக்கு நம்பினார். பால்கோவாவை வாயில் போட்டதும் மீதி எல்லாவற்றையும் உண்மையாகவே நம்பினார். பனி விலகும்போது பகல் பன்னிரண்டு. இரண்டு பொட்டலமும் காலி. நாலு பேர் இருப்பார்கள் என்று சொன்னேனே என்ற பார்வையை என் மனைவி திரும்பும் வழியெல்லாம் தம்பி மகனின் பிடரியில் வைத்திருந்தாள்.

போன டிசம்பரில் அவன் ராஜபாளையம் வந்தான். கையில் ஒரு வரைபடம். மதுரை, தூத்துக்குடி, திருவனந்தபுரம், ராமநாதபுரம் என்று கடலோரமாகக் கோடு இழுத்து, ஒவ்வொன்றிலும் சின்னதாகக் கூடாரம் வரைந்திருந்தான். போகிற போக்கில் பலாலியும் சேர்த்திருந்தான். யாழ்ப்பாணத்துப் பலாலி 2019-ல் சர்வதேச விமான நிலையம் ஆகிவிட்டதுதான். ஆனால் அது வேறு நாடு என்பதை ஒரு ராஜபாளையத்துக்காரனுக்கு ராஜபாளையத்துக்காரன் விளக்க வேண்டியிருந்தது.

“மதுரைல ஒரு செஸ்னா வாடகைக்கு எடுத்துக்கலாம் பெரியப்பா.”

வாடகைக்கு என்றால் நம்மிடம் சாமியானா உண்டு, பாத்திரம் உண்டு, மைக்செட் உண்டு, பிணம் வைக்கும் குளிர்பெட்டி உண்டு. செஸ்னா கிடையாது. சின்ன விமானங்கள் பெரும்பாலும் பயிற்சிப் பள்ளிகளிடம். அவற்றில் மாணவர்கள் மணிக்கணக்கு சேர்த்துக்கொண்டிருப்பார்கள். சரி, எப்படியோ ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய அமெரிக்க உரிமத்தை இங்கே செல்லுபடியாக்க விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவிடம் போக வேண்டும், நம் விதிகளில் பரீட்சை எழுத வேண்டும், மருத்துவரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஃப்ளைட் பிளான் கொடுத்து எஃப்ஐசி எண் வாங்க வேண்டும், விமானப்படையிடமிருந்து ஏடிசி எண் வாங்க வேண்டும். சூரியன் உதிக்க 20 நிமிஷம் முன்னாலிருந்து அஸ்தமித்து 20 நிமிஷம் வரைதான் கண்ணால் பார்த்துப் பறக்கலாம். அந்த நீல எண்ணெய் எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது. 2022 வரை நம் நாடு அதைப் பீப்பாயில் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. அந்த ஆண்டுதான் இந்தியன் ஆயில் குஜராத்தில் காய்ச்ச ஆரம்பித்தது. நூறு வருஷம் முன்பென்றால் மாட்டுவண்டியாவது வந்து நின்றிருக்கும்.

அவன் கோட்டில் இருந்த ஊர்களை ஒவ்வொன்றாக அழித்தேன். ராமநாதபுரத்துக்கு உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து, 2009-லிருந்து. கடலோரம்தான், காற்று நன்றாக வீசும், ஆனால் அங்கே கூடாரம் போட வேண்டுமானால் முதலில் கடற்படையில் சேர வேண்டும். தூத்துக்குடி வாகைக்குளத்தில் 1992-லிருந்து விமான நிலையம். சின்ன ஓடுதளமாக இருந்ததை 3,115 மீட்டராக நீட்டி, புதிய முனையம் கட்டி, 2025 ஜூலையில் பிரதமர் வந்து திறந்து வைத்தார். ஓஷியானோவை நீளவாக்கில் நாலு தடவை மடக்காமல் வைக்கலாம். தூத்துக்குடிக்காரர்களுக்கு நியாயமான பெருமை. எங்களுக்கும்தான். ஆனால் பெரிய விமானத்துக்காக நீட்டிய வீட்டில் சின்னவன் வந்து நிற்பதற்குத் தாழ்வாரம் வைக்கவில்லை.

திருவனந்தபுரம் மிச்சம். அதுதான் உண்மையான கடலோர விமான நிலையம். மதில் தாண்டினால் சங்குமுகம் கடற்கரை. அங்கே ஓடுதளத்தைக் கடந்து கடலுக்கு நடந்துபோக ஒருவருக்கு மட்டும் அனுமதி இருக்கிறது. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசாமி ஆராட்டுக்குக் கடலுக்குப் புறப்படுவார். திருவிதாங்கூர் மன்னர் குடும்பத்தலைவர் வாளோடு முன்னே போவார். ஊர்வலம் ஓடுதளத்தில் நடந்து கடற்கரை சேரும், குளித்துவிட்டுத் திரும்பும். அதுவரை விமானங்கள் காத்திருக்கும். முப்பதுகளில் விமான நிலையம் வருவதற்கு முன்பே அவர் பாதை அது. வருஷா வருஷம் முறைப்படி விமானிகளுக்கு அறிவிப்பும் போகிறது. அவரும் ராத்திரி அங்கே தங்குவதில்லை என்பதைத் தம்பி மகன் கவனிக்க வேண்டும் என்றேன்.

“அப்ப பிளேன் வேண்டாம் பெரியப்பா. டென்ட் மட்டும் போடுவோம். மலைல.”

அதற்கும் நான் அழிப்பானைக் கீழே வைக்கவில்லை. என் சின்ன வயதில் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலையில் இரவு தங்கி, மூலிகைத் தண்ணீர் என்று யாரோ கொடுத்ததைக் குடித்து, பாறைமேல் படுத்துத் தூங்கியிருக்கிறோம். செண்பகத்தோப்பில் ஒரு ராத்திரி முழுக்கச் சீட்டு விளையாடியிருக்கிறோம். இப்போது இரவில் தங்க அனுமதி கிடையாது. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம், 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். மரம் விட்டு மரம் இருபது அடி தாவுகிற அந்த அணில் எந்த எண்ணும் வாங்காமல் தாவுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நாங்கள் சீட்டாடிவிட்டுப் போட்டுவந்த குப்பையைப் பார்த்தவர்கள் காட்டை மூடியது சரிதான்.

கடற்கரையிலும் ராத்திரி படுத்தால் டார்ச் அடித்துப் பெயர் கேட்கிறார்கள். காசு கொடுத்தால் கேட்பதில்லை. ஏசி வைத்த கூடாரம், கட்டில், காலையில் இட்லி, பொங்கல், ஆள் ஒன்றுக்கு நாலு இலக்கத்தில் வாடகை. மணலில் ஓசியில் படுத்து வளர்ந்த என் தலைமுறை ஆட்கள் சிலர் பேரப்பிள்ளைகளுக்காக அதில் போய்ப் படுத்துவிட்டு வந்து, ரொம்ப இயற்கையாக இருந்தது என்கிறார்கள்.

கடைசியாக அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நானே ஒரு விமான நிலையத்துக்குப் போன் போட்டேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், வேலை போகக் கூடாது.

“எந்த ஏர்லைன்ஸ் சார்?”

“ஏர்லைன்ஸ் இல்லீங்க. எங்க தம்பி மகன்தான் ஓட்டிட்டு வர்றான். நாலு சீட்டு.”

“விஐபி மூவ்மென்ட்டா சார்?”

“சாஃப்ட்வேர்ங்க.”

கொஞ்சம் யோசித்தார். இறங்குவதில் தடையில்லை, உரிய எண்கள் எல்லாம் வாங்கி வந்தால் தாராளமாக இறங்கலாம், கட்டணம் உண்டு, நிறுத்த இடம் அன்றைய நிலவரத்தைப் பொறுத்து என்று அக்கறையாகச் சொன்னார். எத்தனை பேர் என்று கேட்டார். சொன்னேன்.

“நைட் ஸ்டே எங்க சார்?”

“அங்கதாங்க. இறக்கைக்குக் கீழ ஜமுக்காளம் விரிச்சுப் படுத்துக்குவோம். காலைல எந்திரிச்சுப் போயிருவோம்.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, இருந்தார். பின்னால் யாரிடமோ கையால் மூடிக்கொண்டு பேசுவது கேட்டது. பிறகு மறுபடி வந்தார். குரல் தணிந்திருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்ப மனமில்லாதவர் பேசுகிற குரல்.

“உள்ள படுக்க முடியாது சார். செக்யூரிட்டி ஒத்துக்க மாட்டாங்க. ஒண்ணு பண்ணுங்க. வெளிய மெயின்ரோட்டுல ஒரு கல்யாண மண்டபம் இருக்கு. ஓனர் எனக்குத் தெரிஞ்சவர்தான். முகூர்த்தம் இல்லாத நாளாப் பாத்து லேண்ட் பண்ணுங்க.”